பீடியை விடுவோர்க்குத் துணை

நம் சங்கத்து அங்கத்தினருள் முப்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்து வருபவர் ஒருவர் உண்டு. கைத்திறனில் அவருக்கு இணை அவரே என்று யாவரும் கூறுவர். பாவில் நெருப்புப் பொறி பட்டுவிடலாகாது என்று தறிக்கூடத்துக்குள் அவர் ஒருநாளும் பீடி பற்றவைத்ததில்லை. ஆனால் அரை மணிக்கு ஒருமுறை தறியை நிறுத்திவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். சென்ற ஆண்டில் அவருக்கு இருமல் முற்றி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கலாயிற்று. வைத்தியர் சோதித்துப் பார்த்து, "பீடியை விட்டே தீரவேண்டும்" என்று சொல்லி, நிகோடின் சூயிங்கம் வாங்கி மெல்லுமாறு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரம் சென்றபின் அவர் நம்மைக் காண வந்தார். சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த மருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஐயா, இதை மென்றால் தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. பீடி ஆசை மட்டும் போகவில்லை. காசைக் கரியாக்கியதுதான் மிச்சம்" என்றார். பட்டணத்தில் வேலை பார்க்கும் அவருடைய மகன் விடுமுறைக்கு வந்தபோது, பேனா போன்ற ஒரு கருவியைக் காட்டி, "அப்பா, பீடிக்குப் பதிலாக இதை இழுங்கள், இதில் புகையே இல்லை" என்றானாம். "இதுவாவது சரிப்படுமா? நீங்கள் விசாரித்துச் சொல்லுங்கள்" என்பதே அவர் நம்மிடம் வைத்த வேண்டுகோள்.

அவர் ஒருவருடைய கேள்வியாக இதை நாம் எண்ணவில்லை. 2016-17-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட பெரும் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைக் கையாண்டனர். அதாவது ஏறக்குறைய 26 கோடியே 70 லட்சம் பேர். நம் சங்கங்களின் அங்கத்தினர் இக்கணக்குக்குப் புறம்பானவர் அல்லர். ஆகவே நாம் விசாரித்து அறிந்தவற்றை யாவர்க்கும் பயன்படும் வண்ணம் இங்கே எழுதுகிறோம்.

பிடிப்பது எது, கெடுப்பது எது?

புகைப்பவரைப் பற்றி உலகம் கூறும் பழி ஒன்று உண்டு. "மன உறுதி இருந்தால் விட்டுவிடலாம், இவருக்கு அது இல்லை" என்பார்கள். இது முழு உண்மை அன்று. புகையிலையில் நிகோடின் என்னும் பொருள் இருக்கிறது. புகையை உள்ளே இழுத்த சில விநாடிகளில் அது நுரையீரலின் வழியே இரத்தத்தில் கலந்து மூளையை எட்டிவிடுகிறது. அங்கே ஒரு கணம் இன்பமும் தெளிவும் தருகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய மனம் பரபரக்கிறது. கை தானே சட்டைப் பையை நாடுகிறது. பல்லாண்டு இவ்வாறு பழகிய மூளை, நிகோடின் திடீரென்று நின்றுபோனால் கலகம் செய்கிறது. கோபம், சோர்வு, தூக்கமின்மை, எதிலும் மனம் பதியாமை, அளவுக்கு மீறிய பசி ஆகிய இவையெல்லாம் அக்கலகத்தின் அடையாளங்கள். முதல் வாரத்தில் இவை கடுமையாக இருக்கும். பெரும்பாலோர்க்கு மூன்று நான்கு வாரங்களில் தணிந்துவிடும். எவருடைய துணையுமின்றி விட முயல்வோரில், ஓராண்டுக்குப் பின்னும் விட்டபடியே இருப்போர் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரையே என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். எஞ்சியோரெல்லாம் மன உறுதி அற்றவர் என்று சொல்ல எவருக்கு நா எழும்?

ஆனால், ஆளைப் பிடித்து வைப்பது நிகோடினாயினும், ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதனோடு வரும் புகையே. எரியும் புகையிலையின் புகையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறைய எழுபது பொருள்கள் புற்றுநோயை உண்டாக்குபவை. கரி பிடித்த தாரும், இரத்தத்தில் உயிர்வாயு ஏறவொட்டாமல் தடுக்கும் கார்பன் மோனாக்ஸைடும் அப்புகையில் இருக்கின்றன. பீடியில் புகையிலை குறைவுதானே என்று சிலர் ஆறுதல் கொள்வர். அது வீண் ஆறுதல். பீடி இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருப்பதற்காகப் பீடி குடிப்போர் அடிக்கடி, ஆழமாக இழுக்கின்றனர். அதனால் சிகரெட்டைக் காட்டிலும் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் பீடியில் மிகுதியாகவே உள்ளே செல்கின்றன.

நிகோடின் நல்ல பொருள் என்று நாம் சொல்ல வரவில்லை. அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். கருவுற்ற பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் ஆகாது. எனினும் பிடிப்பது ஒன்று, கெடுப்பது மற்றொன்று என்று பிரித்தறிந்த பின்னரே வைத்திய நூலார்க்கு வழி பிறந்தது. புகையை இன்றே நிறுத்திவிடுவது. நிகோடினை மட்டும் புகையின்றிச் சிறிது காலம் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, இறுதியில் அதையும் நிறுத்துவது. இதுவே அவர்கள் கண்ட முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். "கெடுப்பது புகைதானே; அப்படியானால் பீடியை விட்டுப் புகையிலையை வாயில் அடக்கிக் கொள்கிறேன்" என்று எவரும் கருதலாகாது. நம் நாட்டில் மெல்லும் புகையிலையும் குட்காவும் வாய்ப் புற்றுநோய்க்கு முக்கிய காரணங்கள். புகையிலைக்கு மாற்று புகையிலை அன்று.

மெல்லும் மருந்து பிறந்த வரலாறு

நிகோடின் சூயிங்கம் சுவீடன் நாட்டில் பிறந்தது. 1967-ஆம் ஆண்டின் இறுதியில், லண்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாஸ் லண்ட்கிரன் என்பவர், ஹெல்சிங்போரி நகரத்து மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய ஓவே ஃபெர்னோ என்பவருக்குக் கடிதம் ஒன்று எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க இடமில்லை. அதனால் அங்கே பணிபுரிவோர் புகையை விட்டு வாயில் அடக்கும் புகையிலைக்கு எளிதில் மாறிக்கொள்கின்றனர் என்பதை லண்ட்கிரன் கவனித்திருந்தார். அவர்கள் நாடியது புகையை அன்று, நிகோடினையே என்பது இதனால் விளங்கிற்று. அப்படியானால் புகையிலையே இல்லாமல் நிகோடினை மட்டும் வாய்வழியே கொடுக்கலாகாதா என்பதே கடிதத்தின் கருத்து. ஃபெர்னோ தாமே புகைப் பழக்கத்தால் அவதியுற்றவர். ஆகவே உற்சாகத்துடன் ஆராய்ச்சியில் இறங்கினார்.

நிகோடினை விழுங்கிவிட்டால் அது வயிற்றுக்குப் போய், ஈரலில் பெரும்பகுதி சிதைந்து, பயனற்றுப் போகிறது. வாயின் உட்சதை வழியே நேராக இரத்தத்தில் சேரவேண்டும். அதற்கு வாயில் சிறிது காரத்தன்மை வேண்டும். ஆகவே ஃபெர்னோ சூயிங்கத்தில் காரப்பொருளையும் சேர்த்தார். நம் பாட்டிமார் வெற்றிலையோடு புகையிலை போடும்போது சுண்ணாம்பு தடவிக்கொள்வதன் இரகசியமும் இதுவே. சுண்ணாம்பின் காரம் நிகோடினை விரைந்து இரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. 1978-ஆம் ஆண்டில் நிகோடின் சூயிங்கம் சுவிட்சர்லாந்தில் முதன்முதல் மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கமும் அதை அங்கீகரித்தது.

புகையிலைக் கொல்லையிலிருந்து வந்த பட்டை

பேட்ச் என்று சொல்லப்படும் ஒட்டுப்பட்டையின் வரலாறு நம் விவசாய அங்கத்தினர்க்கு இன்னும் சுவையாக இருக்கும். புகையிலை பயிரிடுவோர் பனி ஈரம் உலராத காலையில் பச்சை இலைகளைப் பறித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவதுண்டு. அன்று மாலை அவர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, தலைவலி உண்டாகும். இலையின் ஈரத்தில் கரைந்த நிகோடின் தோலின் வழியே உடம்பில் ஏறுவதே இதற்குக் காரணம். புகையிலைக் கொல்லையில் வேலை செய்வோர் யாரும் இதை எளிதில் புரிந்துகொள்வர்.

அமெரிக்காவின் தென் மாகாணங்களில் புகையிலைத் தொழிலாளர்க்கு உண்டாகும் இந்நோயைப் பற்றி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த மர்ரே ஜார்விக் என்னும் விஞ்ஞானி சிந்தித்தார். தோல் வழியே நிகோடின் ஏறி நோய் உண்டாக்குமானால், அளவோடு ஏறும்படி செய்து மருந்தாக்கவும் கூடுமன்றோ? அவரும் ஜெட் ரோஸ் என்பவரும் இதை ஆராய முற்பட்டனர். பிறர்மீது சோதிக்க அனுமதி கிட்டாமையால் தம் மேனியிலேயே முதலில் சோதித்துப் பார்த்தனர். அவர்களைப்போல் வேறு சிலரும் ஆராய்ந்ததன் பயனாக, 1991-ஆம் ஆண்டின் இறுதியில் ஒட்டுப்பட்டை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பயிரிடுவோரின் துன்பத்தில் தோன்றிய ஒரு கருத்து, இன்று புகைப்போர்க்கு விடுதலை தரும் மருந்தாக விளங்குகிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ஆம் ஆண்டில் இவ்வகை மருந்துகளை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்திய அரசாங்கத்தாரின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் 2022-ஆம் ஆண்டில் இவை இடம்பெற்றன.

இவற்றால் விளையும் நன்மை எவ்வளவு? அறுபதினாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட பல சோதனைகளை ஒன்றுசேர்த்துக் கணித்தவர்கள், விடுவோரின் எண்ணிக்கை நூற்றுக்கு ஐம்பது முதல் அறுபது பங்கு வரை கூடுகிறது என்று கண்டனர். இதைப் பிழைபடப் பொருள்கொள்ளலாகாது. நூறு பேரில் அறுபது பேர் விட்டுவிடுவார்கள் என்பது பொருள் அன்று. மருந்தின்றிப் பத்துப் பேர் விட்டிருக்கும் இடத்தில், மருந்தோடு பதினைந்து அல்லது பதினாறு பேர் விடுவார்கள் என்பதே பொருள். மந்திரம் அன்று, ஆனால் அந்த ஐந்தாறு பேரும் ஐந்தாறு குடும்பங்களுக்குத் தலைவர்கள்.

கையாளும் முறை

நம் நெசவாள நண்பர் செய்த தவறு யாது? மிட்டாயை மெல்லுவது போல் அவர் விடாமல் மென்றார். நிகோடின் முழுதும் ஒரே வேகத்தில் வெளிப்பட்டு, உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போயிற்று. அதனால் விக்கலும் குமட்டலும் வந்தன. மேலும், வழக்கம்போல் டீ குடித்துக்கொண்டே மென்றிருக்கிறார். டீ, காபி, பழரசம், சோடா கலர் ஆகியவை வாயின் காரத்தன்மையைக் குறைத்து, நிகோடின் இரத்தத்தில் சேரவொட்டாமல் தடுத்துவிடும். ஆகவே மருந்தின் தொல்லை மட்டும் அவருக்குக் கிடைத்தது, பயன் கிடைக்கவில்லை.

சரியான முறை இது. சூயிங்கத்தை வாயிலிட்டு மெல்ல மெல்ல மெல்லவேண்டும். மிளகுபோல் காரம் தோன்றியவுடனே மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்கவேண்டும். காரம் அடங்கியதும் மீண்டும் சிறிது மென்று, வேறொரு பக்கத்தில் ஒதுக்கவேண்டும். இவ்வாறு அரை மணி நேரம் ஒன்று போதும். மெல்லுவதற்குக் கால் மணி முன்பிருந்து, வாயிலிருந்து எடுக்கும்வரை, எதுவும் உண்ணலாகாது; பருகலாகாது.

சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரு வகைப்படும். காலையில் கண்விழித்த அரை மணிக்குள் புகைப்போர்க்கு 4 மில்லிகிராமும், அதற்குப் பின் முதற்புகை இழுப்போர்க்கு 2 மில்லிகிராமும் பொருந்தும் என்பது பொதுவான விதி. நம் நண்பரோ பாயை விட்டு எழுமுன் பீடி பற்றவைப்பவர். அவர் வாங்கியது 2 மில்லிகிராம். மீண்டும் வைத்தியரிடம் சென்றபோது இதைச் சொல்லுமாறு அவரிடம் கூறினோம். அவரவர்க்கு ஏற்ற அளவை வைத்தியரே முடிவு செய்யவேண்டும்.

முதல் ஆறு வாரங்களுக்கு ஒன்று இரண்டு மணிக்கு ஒருமுறை ஒன்று. அடுத்த மூன்று வாரங்களுக்கு இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒருமுறை. கடைசி மூன்று வாரங்களுக்கு நான்கு முதல் எட்டு மணிக்கு ஒருமுறை. ஆக மொத்தம் பன்னிரண்டு வாரங்கள். பலரும் இரண்டு வாரத்தில், "இனி நமக்கு வேண்டாம்" என்று மருந்தை நிறுத்திவிட்டு, மூன்றாம் வாரத்தில் பீடிக்குத் திரும்பிவிடுகின்றனர். மருந்தைக் குறைவாகக் கையாள்வதும் விரைவில் நிறுத்துவதுமே தோல்விக்குப் பெரும்பாலும் காரணம்.

ஒட்டுப்பட்டையைக் காலையில் குளித்தபின், மயிரில்லாத, உலர்ந்த தோலில் ஒட்டவேண்டும். நாளுக்கு ஒன்று; நாளுக்கொரு புதிய இடம். மிகுதியாகப் புகைப்போர்க்கு 21 மில்லிகிராம் பட்டையில் தொடங்கி, ஆறு வாரங்களுக்குப் பின் 14, அதன்பின் 7 எனக் குறைப்பது வழக்கம். இரவில் கெட்ட கனவுகள் தொல்லை தந்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். பட்டை நாள் முழுதும் நிகோடினை நிதானமாகக் கொடுப்பது; சூயிங்கம் ஆசை எழும் வேளையில் உதவுவது. ஒன்றை மட்டும் கையாள்வதைவிட இரண்டையும் சேர்த்துக் கையாள்வோர் மிகுதியாக வெற்றி பெறுகின்றனர் என்பது சோதனைகளால் உறுதிப்பட்டிருக்கிறது. இதய நோயாளிகளும் கருவுற்றோரும் வைத்தியரைக் கலந்தே கையாளவேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். கழற்றிய பட்டையிலும் நிகோடின் எஞ்சியிருக்குமாதலால் ஒட்டும் பக்கம் உள்ளே இருக்க மடித்து எறியவேண்டும்.

மகன் காட்டிய கருவி

இனி, மகன் காட்டிய கருவிக்கு வருவோம். மின் சிகரெட் என்றும் வேப் என்றும் இதைச் சொல்வர். உள்ளே ஒரு பாட்டரி, ஒரு சிறு கம்பிச்சுருள், நிகோடினும் வாசனைப் பொருள்களும் கலந்த ஒரு திரவம் ஆகியவை இருக்கும். இழுக்கும்போது சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. எரிதல் இல்லை, ஆதலால் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் உண்டாகும் வழியில்லை. சீன நாட்டு ஷென்யாங் நகரத்து மருந்தியலார் ஹான் லிக் 2003-ஆம் ஆண்டில் இக்காலத்து மின் சிகரெட்டுக்குக் காப்புரிமை கோரினார். அவர் தாமும் மிகுதியாகப் புகைத்தவர். அவருடைய தந்தையார் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்.

இதனால் பயன் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்லவேண்டும். இங்கிலாந்தில், புகையை விட உதவும் அரசாங்க நிலையங்களுக்கு வந்த 886 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். ஒரு பிரிவினர்க்குச் சூயிங்கம், பட்டை முதலியவற்றையும், மற்றவர்க்கு மின் சிகரெட்டையும் கொடுத்து, இருசாரார்க்கும் வாரந்தோறும் ஆலோசனையும் கூறினர். 2019-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டுக்குப் பின், மின் சிகரெட் பெற்றோரில் நூற்றுக்கு 18 பேரும், மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 9.9 பேரும் புகையை விட்டிருந்தனர். பிற்பாடு நடந்த சோதனைகளும் இதே திசையைக் காட்டின. 2023-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம், இங்கிலாந்தில் பத்து லட்சம் பேருக்கு மின் சிகரெட் கொடுத்துப் புகையை விடச் செய்யும் திட்டத்தை அறிவித்தது.

ஆனால் அதே சோதனையின் மற்றொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். விட்டவர்களில், மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 9 பேரே ஓராண்டுக்குப் பின்னும் மருந்தைக் கையாண்டு வந்தனர். மின் சிகரெட் பெற்றோரிலோ நூற்றுக்கு 80 பேர் இன்னும் அக்கருவியை இழுத்துக்கொண்டிருந்தனர். புகையினின்று விடுபட்டனர், நிகோடினினின்று விடுபடவில்லை. பல்லாண்டு இவ்வாவியை உள்ளிழுத்தால் உடம்பு என்னாகும் என்பதைக் காட்டப் போதிய காலமும் இன்னும் கடக்கவில்லை. மேலும், பழவாசனையும் பளபளப்பும் கண்டு, ஒருநாளும் புகைத்திராத சிறுவர்களும் பல நாடுகளில் இதைப் பற்றிக்கொண்டனர். பிரிட்டனிலேயே, ஒருமுறை இழுத்து எறியும் வகையை 2025-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டனர். அமெரிக்காவில் 2019-20-இல் ஆவி இழுத்தோரில் 2,807 பேர் நுரையீரல் கேட்டினால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தனர் அல்லது இறந்தனர். இறந்தோர் 68 பேர். அதற்குப் பெரிதும் காரணமானது கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச்சந்தைத் திரவங்களில் சேர்த்திருந்த வைட்டமின் இ அசிடேட் என்று பின்னர் கண்டனர். கள்ளச்சந்தையில் வாங்கும் திரவத்தில் என்ன இருக்கிறது என்பதை எவரும் அறிய முடியாது என்பதே இதனால் நாம் கற்கும் பாடம்.

நம் நாட்டின் நிலை என்ன? 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி அவசரச் சட்டத்தின் மூலமும், அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின் மூலமும், மின் சிகரெட்டைத் தயாரித்தல், இறக்குமதி செய்தல், விற்றல், இருப்பு வைத்தல், விளம்பரம் செய்தல் யாவும் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. விற்போர்க்கு முதற் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மருந்துச் சட்டப்படி உரிமம் பெற்ற சூயிங்கத்துக்கும் பட்டைக்கும் இத்தடை இல்லை. பிற நாட்டில் வைத்தியரே கொடுக்கும் ஒன்றை நம் நாட்டில் தடை செய்தது சரியா என்று வழக்காடுவோர் உளர். பீடியும் சிகரெட்டும் கடைதோறும் கிடைக்க, இதை மட்டும் தடுப்பது பொருந்துமா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் வழிகேட்டால், சட்டத்துக்குப் புறம்பான கடையில், உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத திரவத்தை வாங்கி இழுக்குமாறு நாம் சொல்ல இயலாது. பிள்ளை அன்பினாலேயே சொன்னான். ஆனால் தந்தைக்கு உகந்தது மருந்துக் கடையில் கிடைக்கும் மருந்தே என்று நம் நண்பருக்கு எடுத்துச் சொன்னோம்.

சங்கம் செய்யக்கூடியவை

மருந்து மட்டும் தனியே நின்று வெல்வதில்லை. மருந்தோடு பேசித் தேற்றுவோரும் இருந்தால் வெற்றி மிகுகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் 2002-ஆம் ஆண்டு முதலே புகையிலையை விடுவோர்க்கு ஆலோசனை நிலையம் இருந்து வருகிறது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் இவ்வுதவியைக் கேட்டுப் பெறலாம். 1800-11-2356 என்னும் அரசாங்கத் தொலைபேசி எண்ணை அழைப்பதற்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

பணத்தின் வழியாகவும் சங்கம் உதவலாம். பீடிக்கும் சிகரெட்டுக்கும் நாளொன்றுக்கு 40 ரூபாய் செலவிடுபவர் ஓராண்டில் 14,600 ரூபாயைப் புகையாக்குகிறார். பிலிப்பைன்ஸ் நாட்டு மிண்டனாவோ தீவில் ஒரு வங்கியார் செய்து பார்த்த ஏற்பாடு நம் சிந்தனைக்கு உரியது. புகைப்பவர் தம் பணத்தையே ஆறு மாதம் கணக்கில் போட்டு வருவார். ஆறாம் மாத முடிவில் சிறுநீர்ச் சோதனையில் நிகோடின் இல்லையெனில் பணம் அவருக்கே. இருந்தால் பணம் தருமத்துக்குப் போய்விடும். இதில் சேர இசைந்தவர் நூற்றுக்குப் பதினொருவரே. ஆயினும் ஏற்பாட்டை எடுத்துச் சொல்லப்பெறாதவர்களைவிட, சொல்லப்பெற்றவர்களில் நூற்றுக்கு மூவர் கூடுதலாகப் புகையை விட்டனர். ஓராண்டுக்குப் பின் திடீரெனச் சோதித்தபோதும் அவ்வேறுபாடு நிலைத்திருந்தது. 2010-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. பணத்தைப் பறிக்கும் நிபந்தனை நமக்கு வேண்டாம். மருந்தைக் கையாளும்போது நிகோடின் சோதனையும் பொருந்தாது. ஆனால் பீடிக்குப் போகும் காசை விட விரும்பும் அங்கத்தினரின் பெயரில் வாரந்தோறும் சேமிப்பில் வரவு வைக்கலாம். மருந்துச் செலவில் ஒரு பகுதியேனும் அதிலிருந்து கிடைக்கும். மருந்து முடிந்தபின் மிச்சமெல்லாம் வீட்டுக்கு ஆகும். இதைச் செய்யச் சங்கத்துக்குப் புதிய விதி ஏதும் வேண்டியதில்லை.

வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்பாரும் உளர். பிரிட்டிஷ் வைத்தியர்களை 1951-ஆம் ஆண்டு முதல் ஐம்பதாண்டு தொடர்ந்து கவனித்த பெரும் ஆராய்ச்சியின் முடிவு 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இறுதிவரை புகைத்தோர் சராசரி பத்தாண்டு ஆயுளை இழந்தனர். அறுபதாம் வயதில் விட்டவர் மூன்றாண்டையும், ஐம்பதில் விட்டவர் ஆறாண்டையும், நாற்பதில் விட்டவர் ஒன்பதாண்டையும் திரும்பப் பெற்றனர். முப்பதில் விட்டவர்க்கு இழப்பு ஏறக்குறைய இல்லை.

நம் நண்பர்க்கு வயது ஐம்பத்து மூன்று. வைத்தியர் அளவை மாற்றிக் கொடுத்தார்; ஒதுக்கி வைக்கும் முறையையும் அவர் கற்றுக்கொண்டார். இவ்விதழ் அச்சுக்குப் போகும்போது பீடியை விட்டு நான்கு மாதம் ஆகிறது. இடையில் உறவினர் வீட்டுக் கலியாணத்தில் இரண்டு பீடி குடித்துவிட்டாராம். மறுநாள் நம்மிடம் வந்து, "எல்லாம் போயிற்று ஐயா" என்று தலைகுனிந்து நின்றார். "பாவில் இரண்டு இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிந்துவிடுவீரா?" என்று கேட்டோம். சிரித்துவிட்டார். அன்றைக்கே மீண்டும் தொடங்கினார். விட்டு விட்டுத் தொடங்குவது பலர்க்கும் இயல்பே. முதல் முயற்சியிலேயே வென்றவர் சிலரே.

மூச்சு இன்னும் முழுதும் தேறவில்லை. ஆனால் இருமல் குறைந்திருக்கிறது. தறியை விட்டு எழுந்து போகும் வேளைகளும் குறைந்திருக்கின்றன. சென்ற மாதம் அவர் கூலியில் கூடிய தொகையைக் காரியதரிசி கணக்கைப் பார்த்துச் சொன்னபோது, அவர் மனைவியார் அதைத் தனியே சேமிப்பில் போடச் சொன்னாராம்.

இதைப் படிக்கும் அங்கத்தினருள் பீடியை விட எண்ணி, முடியாமல் சலித்திருப்போர் பலர் இருக்கக்கூடும். அவர்கள் தம்மைத் தாமே நொந்துகொள்ள வேண்டாம். வைத்தியரிடம் செல்லும்போது இவ்விதழையும் எடுத்துச் செல்லுங்கள். துணை வேண்டுமானால் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். எந்த நேரமும் கதவு திறந்தே இருக்கிறது.